பிளாஸ்டிக் துவக்குக்கு நீட்டிய அடையாள அட்டை

கேதீஸ்வரி கல்லடியில் பிறந்து, கல்லடியிலேயே வாழ்க்கைப்பட்டு, கல்லடியிலேயே தனியாளானவள். விடிந்ததும் வாவிக்கரையில் தோணிக்காரரிடம் நண்டும் இறாலும் வாங்கிச் சைக்கிள் பெட்டியில் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டி டவுனில் வீடு வீடாக விற்பாள். செத்த நண்டை உயிர் நண்டென்று யார் தலையிலும் கட்டமாட்டாள். அநியாயத்துக்கு விலை குறைத்துக் கேட்கிறவர்களை மட்டும் நாக்காலேயே உரித்துவிடுவாள். பொலிஸ்காரனென்றும் பார்ப்பதில்லை, பாதிரியாரென்றும் பார்ப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவள், நாற்பத்தெட்டு வயதில், சுடாத ஒரு பிளாஸ்டிக் துவக்கைக் கண்டு, ஆமிக்காரனைக் கூப்பிடுவதுபோல "சேர்" என்றாள். சங்கிலி போனதைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது பட்டப்பகலில். விற்று முடித்து, வாவியோரக் கண்டல் பற்றைக்குப் பக்கத்தால் வந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் வந்தவன் குறுக்கே நிறுத்தினான். தலையில் ஹெல்மட், கையில் கறுப்புத் துவக்கு. "இறங்கு" என்றான், அவ்வளவுதான். அவள் சைக்கிளை மெல்லச் சரித்தாள். ஒரு கையை உயர்த்தினாள். மற்றக் கை தன்பாட்டில் இடுப்புப் பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டியது.

"இந்தா சேர், ஐசி."

அவன் ஹெல்மட்டுக்குள் சிரித்தான். "ஐசி எனக்கு என்னத்துக்குகா? சங்கிலியக் கழட்டு!" அவள் கழற்றுமுன்னே அறுத்தெடுத்து, அட்டையையும் பையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போனான்.

சிரிக்கட்டும். தொண்ணூறாம் ஆண்டு அவன் பிறக்கவேயில்லை. அந்த வருசம், மாற்றுச் சட்டைப் பையில் அட்டையை மறந்துவிட்டுப் பாலத்தடி ஆமிச் சோதனைச்சாவடிக்குப் போன கேதீஸ்வரியின் அண்ணன் இன்றுவரை வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு துவக்கைக் கண்டால் அந்த வீட்டில் எவருக்கும் வாய் திறக்காது. கைதான் முந்தும்.

மூன்றாம் நாள் ஆளைப் பிடித்தார்கள். பெயர் ஜெயந்தன், பக்கத்துத் தெருதான். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் அவளுடைய அட்டை கிடந்தது. துவக்கும் கிடந்தது. கோயில் திருவிழாக் கடையில் விற்கிற பிள்ளைகளின் சாமான். முனையில் இருந்த சிவப்பு மூடிக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தான்.

வழக்கு இரண்டரை வருசம் இழுபட்டது. விசாரணைக்கு முந்தின கிழமை ஜெயந்தனின் மாமன் கனகசிங்கம் வீடு தேடி வந்தார். கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர், திருவிழாவில் யாருக்கு முதல் காளாஞ்சி மரியாதை என்று தீர்மானிக்கிற மனிதர்.

"புள்ள, களவெடுத்தது களவெடுத்ததுதான். அத நாங்க மறைக்கல்ல. ஆனா துவக்கக் காட்டிக் களவெடுத்ததெண்டா தண்டன கூடவாம், பொய்த் துவக்கெண்டாலும் விடமாட்டாங்களாம். அது விளையாட்டுச் சாமானெண்டு அப்பவே தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடு. பொடியன்ட வாழ்க்க இரிக்கி."

"எனக்குத் தெரியாதே வண்ணக்கர்."

"இப்ப தெரியுந்தானே?"

"இப்ப தெரிஞ்சி என்ன? பெயின்ற் அடிக்கக்குள்ள அவனுக்குத் தெரியும் நான் எதுக்குப் பயப்படுவனெண்டு. அத விளையாட்டெண்டு சொல்லச் சொல்லுறீங்களா?"

"புதுச் சங்கிலி ஒண்டு செஞ்சி தாறம்."

"உங்கட மருமகனுக்குப் போட்டு அழகு பாருங்க! நான் அவன சேரெண்டு கூப்பிட்ட. அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துத் தர எந்தத் தட்டாரால ஏலும்?"

மனிதர் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் எழும்பிப் போனார்.

நீதிமன்றத்தில் ஜெயந்தனுக்காக வந்த சட்டத்தரணி வெளியூர்க்காரர். எங்கே வளர்ந்தாரோ, ஒரு சோதனைச்சாவடியையும் பார்க்காத முகம்.

"கள்வன் துவக்கை நீட்டுகிறான். நீங்கள் கத்தவில்லை, ஓடவில்லை. அடையாள அட்டையைக் காட்டினீர்கள். உலகத்தில் யாராவது கள்வனுக்கு அட்டை காட்டுவார்களா அம்மா? பொம்மையென்று தெரிந்ததால்தானே பகிடிக்கு நீட்டினீர்கள்?"

பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள்.

"பகிடியா? ஐயா, உங்களுக்கு..."

அவர் பேசவிடவில்லை. மேசையில் சான்றுப் பொருளாகக் கிடந்த துவக்கை எடுத்து, முனையை நேராக அவள் பக்கம் திருப்பினார். "இதற்கா பயந்தீர்கள்?"

அது பிளாஸ்டிக் என்று இப்போது அவளுக்குத் தெரியும். பொலிஸில் தொட்டே பார்த்திருக்கிறாள். ஆனாலும் ஒரு கை மேலே போனது. மற்றக் கை பையைத் திறந்தது. சாட்சிக்கூட்டின் விளிம்பில் அவளுடைய புது அடையாள அட்டை வந்து உட்கார்ந்தபோதுதான், தான் செய்ததை அவளே கண்டாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நரைத்த முதலியார், வழக்கை மொழிபெயர்க்கிறவர், தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

கேதீஸ்வரிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, தன் கையின்மீதே. "இறக்குங்க அத! எனக்கு நேர நீட்டாதங்க! பாத்தீங்கதானே, இதான் பகிடி. முப்பது வருசமா என்ட கைக்குப் பழக்கின பகிடி. இத வச்சித்தான் அவன் களவெடுத்த!"

நீதிபதி துவக்கைக் கீழே வைக்கச் சொன்னார். சட்டத்தரணி வைத்தார். தன் கதிரைக்குத் திரும்பிப் போனார்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. சுடாத துவக்கானாலும், சுடும் என்று நம்பவைத்துப் பறித்ததற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று நீதிபதி ஆங்கிலத்தில் சொல்ல, முதலியார் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். துவக்குக் காட்டியதற்கும் சேர்த்தே ஜெயந்தனுக்குச் சிறை. கனகசிங்கம் அவளைப் பார்க்காமல் வெளியே போனார். இந்த வருசத் திருவிழாவில் காளாஞ்சி கிடைக்காது என்று அவளுக்கு விளங்கியது. கிடைக்காவிட்டால் போகட்டும்.

அவள் நேராக எழுதுவினைஞரின் மேசைக்குப் போனாள். "என்ட பழைய ஐசியத் தாங்க."

"அம்மா, அது சான்றுப் பொருள். துவக்கோடு ஒரே பையில் முத்திரை வைத்திருக்கிறது. மேன்முறையீட்டுக் காலம் முடியவேணும்."

"அந்த ஐசில இரிக்கிறது என்ட மூஞ்சி தம்பி. இன்னும் எத்தின நாளைக்கு அவன்ட துவக்கோட சேத்துக் கட்டி வச்சிருப்பீங்க? ரெண்டையும் பிரிச்சி வைங்க. நான் பாத்திட்டுத்தான் போவன்."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.