தென்னைக்குப் போன தண்ணீர்

இன்று மாடித் தொட்டியைக் கழுவும்போது பாசி வாடை மூக்கில் ஏறியதும், கிணத்துக்கடவுப் பக்கம் இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட ஒரு தென்னந்தோப்பின் பம்புசெட் தொட்டிக்கே போய்விட்டேன். எங்கள் சின்னச் சபைக்கு அதில்தான் ஞானஸ்நானம். த்ரீ பேஸ் கரண்டு வந்து, மோட்டார் ஓடி, தொட்டி நிறையும்வரை எல்லோரும் பாடிக்கொண்டே காத்திருப்போம்.

அம்மா ஞானஸ்நானம் எடுத்தபோது எனக்கு ஆறு வயது. தண்ணீருக்குள் பழைய மனுஷி செத்து, புது மனுஷி பிறக்கிறாள் என்று பாஸ்டர் விளக்கினார். அம்மா மூழ்கி எழுந்ததும் அவரிடம் கேட்டேன்: "பழைய அம்மா எங்கீங்க?"

"தண்ணியோட போயிருச்சு கண்ணு," என்று சிரித்தார்.

தொட்டியிலிருந்து தென்னைகளுக்குப் போகும் வாய்க்காலோடு நான் ஓடினேன். சருகும் நுரையுமாக ஓடிய தண்ணீர் கடைசித் தென்னையின் பாத்தியில் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்க, அழுதுகொண்டே அந்தச் சேற்றைக் கையால் தோண்டினேன்.

ஈரச்சேலையோடு ஓடிவந்த அம்மா என்னை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அவளும் நாந்தான் கண்ணு. எங்கயும் போகலை."

பின்னாலேயே வந்து நின்ற பாஸ்டர் அதைக் கேட்டார். வசனத்துக்கு வசனம் விளக்கம் சொல்லும் மனிதர், அதை மட்டும் திருத்தவில்லை.