கருவாட்டுக்கடை மாடியில் ஒரு சோதனை

உக்குவளைக் கருவாட்டுக்கடையின் மாடிப் பல்கனியில் அடுக்கிய மூட்டைகளிலிருந்து உப்புநீர் கீழே நின்ற என் சட்டையில் சொட்டியபோதுதான் அந்த எண்ணம் வந்தது: இந்த உப்பு கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை விட்டுவைக்குமா? கடை முதலாளி மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வருவதைப் பெண்கள் அங்கே நின்றுதான் பார்ப்பார்கள்.

மயில்துத்தக் கரைசல், செப்புக்கம்பி, மின்னழுத்தம் அளக்கும் வோல்ட்மானியோடு போனேன். வோல்ட்மானியின் ஒரு முனையை வெளியே நீட்டிய கொங்கிரீட் கம்பியிலும், மறுமுனையைக் கரைசலில் நிற்கும் செப்புக்கம்பியிலும் கட்டி, கரைசலில் நனைந்த பஞ்சைத் தரையில் வைத்து நகர்த்தினால், துருப்பிடித்த இடத்தில் முள் எகிற வேண்டும்.

"என்ன தம்பி, சீமெந்துக்குக் காய்ச்சல் பாக்குறீங்களா?" என்றார் முதலாளி.

முள் அசையவில்லை. அன்றைய வெயிலில் உலர்ந்த கொங்கிரீட்டில் மின்சாரம் ஓடாதே! தண்ணீர் தெளித்ததும் மூட்டைகள் அடுக்கிய மூலையில் முள் எகிறியது. உடைத்துப் பார்த்தோம், கம்பி பாதிதான் மிச்சம்.

"யா அல்லாஹ்! பொம்பளைங்க எல்லாம் கீழேயே நிக்கட்டும். தம்பி, நீங்க கட்டாயம் கல்யாணத்துக்கு வாங்க!"

படித்தது பயன்பட்ட மகிழ்ச்சியில் கல்யாண விருந்தில் இரட்டைப் பங்கு சாப்பிட்டேன். அடுத்துச் சோதிக்க வேண்டியது எங்கள் பாடசாலையின் கொங்கிரீட் தண்ணீர்த்தாங்கி. அதிபரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.