ரூபி எண்ணிய வெள்ளைப் புள்ளிகள்

1998 அக்டோபரில் கிளெமென்ட் இறந்தபோது அவன் மனைவி ரூபிக்கு இருபத்தெட்டு வயது. அவன் திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவன். நாலு நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சிரைப்பு, ஒன்பதாம் நாள் போய்விட்டான். வைரஸ் இதயத்தைத் தாக்கி வீங்க வைத்துவிட்டது என்றார் டாக்டர். பிள்ளைகள் இல்லை. வீட்டில் ரூபியும் மாமியார் வியாகுலம்மாளும் மிஞ்சினார்கள்.

ரூபி லேப் டெக்னீசியன் படித்தவள். மறு வருடம் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் போய்வந்தாள். அங்கே பேராசிரியர் ஜெகபர் அலி ஆராய்ந்துகொண்டிருந்தது இதயத்தைத் தாக்கும் அதே வகை வைரஸை. அவள் கதை தெரிந்ததும், "வேற பிரிவுக்கு மாத்தித் தரவாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் சார்" என்றாள்.

தட்டுகளில் செல்களை வளர்த்து வைரஸைச் சேர்ப்பது அவள் வேலை. பாதித் தட்டுகளில் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் மருந்தும் சேரும். பிறகு ஊதாச் சாயம் ஊற்றினால் உயிருள்ள செல்கள் நிறம் பிடிக்கும். வைரஸ் கொன்ற இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். மருந்தில்லாத தட்டில் நூறு புள்ளி இருந்தால், மருந்து சேர்த்ததில் பத்துக்கூட இருக்காது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான புரதத்தை நைட்ரிக் ஆக்சைடு முடக்கிவிடுகிறது என்று ஜெகபர் அலி விளக்கினார்.

"அப்ப இத அவுகளுக்குக் குடுத்திருந்தா சார்?"

"தட்டுல வெறும் செல்லுதான்மா இருக்கு. காய்ச்சல் வந்தா நம்ம உடம்பே இந்த வாயுவ உண்டாக்கும். அவர் இதயமும் உண்டாக்கியிருக்கும். அளவா இருந்தா வைரஸத் தடுக்கும், கூடிப்போனா இதயத்தையே கெடுக்கும். எங்க நிறுத்துறதுன்னு எனக்கு இன்னும் தெரியல." தட்டை ஓரமாக வைத்துவிட்டு, "இந்தக் காய்ச்சல் வந்தா ஓய்வுதான் முக்கியம். பாரம் தூக்குனா நோய் முத்திரும்" என்றார்.

காய்ச்சலின் மூன்றாம் நாள், "மாத்திரையப் போட்டுட்டுப் போயிட்டு வாங்க, லீவு போட்டா வேற ஆளச் சேத்துருவாக" என்று கிளெமென்டை வேலைக்கு அனுப்பியவள் ரூபிதான். அந்த வாரம் வியாகுலம்மாள் எரியோட்டில் மகள் ஜெஸ்ஸி வீட்டில் இருந்ததால் இது அவருக்குத் தெரியாது.

ஒரு மாதம் மனதுக்குள் வைத்திருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

வியாகுலம்மாள் ஒன்றுதான் கேட்டார். "போகலன்னு சொன்னானா?"

"சொன்னாக அத்தை. உடம்பு அசத்துதுன்னு சொன்னாக."

மறுநாள் காலையில் வியாகுலம்மாள் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு எரியோட்டு பஸ் ஏறிவிட்டார். ரூபி இரண்டு முறை போய்க் கூப்பிட்டாள். காப்பி போட்டு அவள் முன்னால் வைத்தாரே தவிர, வாய் திறக்கவில்லை.

2003இல் ஆய்வு முடிந்தது. செல்களில் கண்டதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நோயாளிகளுக்கு அதிலிருந்து மருந்து எதுவும் வரவில்லை. ரூபி திண்டுக்கல்லிலேயே ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சேர்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து வியாகுலம்மாள் இறந்த சேதி வந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஜெஸ்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அம்மா கடைசி வரைக்கும் உங்களத் திட்டவே இல்ல அண்ணி."

கடைசியில் தன்னைக் கூப்பிட்டாரா என்று ரூபி கேட்கவில்லை.