சுடாத கால்

குழந்தையை ஆபரேஷன் செய்து எடுக்க, சித்தூர் ஆஸ்பத்திரியில் என் முதுகுத்தண்டில் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். ஊசி இறங்கியபோது இரண்டு காலிலும் கரெண்ட் அடித்த மாதிரி வெட்டியது. கத்தினேன். "ஒண்ணுமில்லம்மா, ஆடாத" என்றார் டாக்டர்.

குழந்தை பிழைத்தது. என் கால்கள்தான் திரும்பி வரவில்லை. சுவரைப் பிடித்து நடக்கலாம், ஆனால் பாதத்தைத் தொட்டால் தெரியாது. உள்ளே மட்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி ஓயாமல் எரியும். சொன்னால் யார் நம்பினார்கள்? "மரத்துப்போன காலு எப்டிமே எரியும்?" என்று கேட்பார் வீட்டுக்காரர். எரிகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

கால் சரியாக வேண்டுமென்று மாமியார் வேண்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் திருப்பதி மலைக்கு என்னைக் கூட்டிப்போனார். உச்சிப்பொழுது. கோயிலைச் சுற்றுகிற கல்தரையில் எல்லாரும் சூடு தாங்காமல் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். மாமியாரும் ஓடினார். நான் மட்டும் மெதுவாக நடந்தேன். ஓடுவதற்கு எனக்கு ஏது கால்?

மொட்டை போட்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தச் சூட்டிலும் பதறாமல் சுற்றுகிறாளே, என்ன பக்தி என்று தெலுங்கில் சொல்லிக் குனிந்தார். பக்தியாவது மண்ணாவது! நான் வேண்டாமென்று சொல்வதற்குள் என் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிழலில் நின்ற மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

கால் விரல்களில் கொப்புளம் கிளம்பியிருந்தது. அதன்மேல் அந்த அம்மாவின் கை பட்டதை நான் கண்ணால்தான் பார்த்தேன்.