ஆபரேஷன் கவுனில் போட்ட சுங்குடி முடிச்சு

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டு. எனக்குப் பித்தப்பையில் கல், பத்து மணிக்கு ஆபரேஷன். நானோ ஏழு மணியிலிருந்தே ஓடிப்போக வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிகைப்படுத்தவில்லை. அதற்கு முன்பே ஒருமுறை தேதி குறித்து, சின்னாளபட்டியிலிருந்து பையோடு பஸ் ஏறி வந்து, மருத்துவமனை வாசலைப் பார்த்ததும் ரோட்டைக் கடந்து அடுத்த பஸ்ஸிலேயே வீடு திரும்பியவள் நான். கேட்டவர்களிடமெல்லாம் தீபாவளி ஆர்டர் இருக்கிறது, மகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று கதை அளந்தேன். பயமாக இருக்கிறது என்று மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. நாற்பத்தாறு வயதில் அதைச் சொல்ல வெட்கம். இந்த முறை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். இன்னும் தள்ளிப்போட்டால் கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொள்ளுமாம், அப்புறம் சின்ன ஆபரேஷன் பெரிய ஆபரேஷனாகிவிடுமாம்.

வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றிக் கணவரிடம் கொடுத்தாயிற்று. அவர் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மருந்து வாங்கிட்டு வாரேன். நீ பேசாம இங்கனயே இரு" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் தலை மறைந்ததும் கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பேகம்பூர் அக்கா ஒருவர். கழுத்தில் தைராய்டு கட்டி, எனக்கு அடுத்து அவருக்கு ஆபரேஷன். வீட்டிலேயே சமோசா மடித்து டீக்கடைகளுக்குக் கொடுப்பவராம். "பயமா இருக்கா தங்கச்சி?" என்று கேட்டார். "எனக்கென்னக்கா பயம்?" என்றேன். "எனக்கும் ஒண்ணுமில்லம்மா" என்றார் அவரும். அதன் பிறகு வெங்காயத்தை எப்படி வதக்க வேண்டும், ஓரத்தை எப்படி ஒட்டினால் எண்ணெய் உள்ளே போகாது என்று ஒரு மணி நேரம் பேசினார். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத எனக்கு வயிறு கர்புர் என்றது. அவருக்கும் அதே பட்டினிதான்.

நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலை சுங்குடிக் கட்டு. வெள்ளைத் துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போடுவோம். சாயத்தில் முக்கி எடுத்துப் பிரித்தால் முடிச்சிருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். நூல்கண்டு என் பையில் எப்போதும் கிடக்கும். அன்று எனக்குப் போட்டுவிட்டிருந்ததோ வெளிர்பச்சை காட்டன் கவுன், பல முறை துவைத்துப் பூப்போல ஆகிவிட்ட துணி. வளையலும் இல்லாத வெறும் கை எப்போது நூலை எடுத்தது, எப்போது கிள்ள ஆரம்பித்தது, சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஒன்பதரைக்கு சிஸ்டர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தேன். கணுக்கால் வரை இருந்த கவுன் முன்பக்கம் முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது! மடி முழுக்க வரிசை வரிசையாக முடிச்சு.

"யம்மா! தியேட்டருக்குப் போற கவுன என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று சிஸ்டர் தலையில் கை வைத்தார். எனக்கு மானம் போயிற்று. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சிரிச்சது போதும். உங்க ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட எடுங்க, டாக்டர் கேக்குறாங்க."

அக்கா தலையணைக்கடியில் துழாவினார். சிரிப்பு நின்றது. மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் கச்சிதமான ஒரு காகிதச் சமோசா. ரிப்போர்ட்டுதான்!

அப்புறம் யாரால் அடக்க முடியும்? சிஸ்டரே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன், அது சிரிப்புத் தண்ணீர் மட்டுமல்ல. "நெசமாச் சொல்றேன் தங்கச்சி, விடியக்காலைலருந்து எனக்குக் கையெல்லாம் வெடவெடங்குது" என்றார்.

"எனக்கும் பயமா இருக்குக்கா. ஓடிரலாம்னு செருப்பத் திருப்பி வச்சிருக்கேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மருந்துப் பையோடு என் கணவர்.

நேரே கட்டிலுக்கு வந்தார். செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். "இம்புட்டு பயத்த வச்சுக்கிட்டா தீபாவளி ஆர்டர்னு சொன்ன? அன்னைக்கே சொல்லிருந்தா நானும் கூட உக்காந்து பயந்துருப்பேன்ல" என்றார். எனக்கு அவரை அப்போது அவ்வளவு பிடித்தது.

என் அளவுக்கு வேறு கவுன் உடனே கிடைக்கவில்லை. முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, துணியைக் குறுக்கே பிடித்துச் சுண்டி இழுப்பதுதான். ஒரு பக்கம் சிஸ்டர், மறுபக்கம் அக்கா. இழுத்தார்கள். படபடவென்று முடிச்செல்லாம் தெறித்தன. "இன்னொருக்கா இழுப்போமா சிஸ்டர்?" என்று அக்கா ஆசையாகக் கேட்டார்.

தியேட்டருக்குள் போகும்போது பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது பாட்டுக்கு என்னோடு உள்ளே வந்தது. முகமூடி போட்ட மயக்க மருந்து டாக்டர், "என்னம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பயமா இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். "சரி, நாங்க இருக்கோம்ல" என்றார். அதுதான் எனக்கு நினைவிருக்கும் கடைசிப் பேச்சு.

மதியம் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலி. பதறிப்போய் சிஸ்டரிடம் கேட்டேன். "நல்லபடியா முடிஞ்சுருச்சு, செத்த நேரத்துல வந்துருவாங்க. வார்டுலருந்து தியேட்டர் வரைக்கும் பாக்குறவங்க கிட்டல்லாம் எனக்கு பயமா இருக்கு, எனக்கு பயமா இருக்குன்னு சொல்லிக்கிட்டே ஜோரா போனாங்க" என்றார்.

தைரியம் வந்த பிறகு போகலாம் என்று எத்தனையோ மாதம் நான் தனியாகக் காத்திருந்தேன். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன அன்றுதான், என்னோடு சேர்ந்து பயப்பட இத்தனை பேர் பக்கத்திலேயே இருந்தது எனக்குத் தெரிந்தது.