சோதினைக்கு வராத அணுக்கரு

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் ரியூசன் கொடுப்பது, பழைய வினாத்தாளில் இல்லாத எதையும் வாயில் எடுக்காமல் இருக்கும் தொழில். வெண்கட்டித் தூள் விழுங்கும் என் சக வாத்திமாரே, எனக்கு அந்த வாய் அடங்கவில்லை.

வாங்குகள்

எங்கள் கொட்டகையில் பெண் பிள்ளைகளுக்கு இடப்பக்க வாங்குகள், பெடியளுக்கு வலப்பக்கம். இடமில்லாவிட்டாலும் மாறி இருக்க மாட்டார்கள். அணுக்கருத் துணிக்கைகள் ஓடு ஓடாக அடுக்கி இருக்கும் என்கிற ஓட்டு மாதிரியுருவைச் சொல்ல வேறென்ன வேண்டும்? புரோத்தன்களுக்குத் தனி வாங்கு, நியூத்திரன்களுக்குத் தனி வாங்கு. ஒவ்வொரு பக்கத்திலும் முன் வாங்கு நிரம்பிய பிறகே அடுத்தது. இடைவெளியில்லாமல் நிரம்பிய கரு இலேசில் குலையாது. இரண்டு, எட்டு, இருபது என்று அந்த எண்ணிக்கைகளை எழுதினேன். சண்டிலிப்பாயிலிருந்து வரும் சுகந்தி எழும்பினாள். "மிஸ், சோதினைக்கு வராதது எல்லாம் ஏன் இவ்வளவு வடிவா இருக்குது?"

அண்ணை

விசயம் ரியூசன் நிலைய உரிமையாளர் காதுக்குப் போயிற்று. அவரை எல்லோரும் அண்ணை என்போம். பாடத்திட்டத்தில் இல்லாததைப் படிப்பித்தால் பிள்ளைகள் அடுத்த ஒழுங்கை நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. சொல்லித்தான் தீருவேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னொருக்கால் உந்தக் கதையை எடுத்தா ஞாயிறு வகுப்பை வேறை ஆளிட்டைக் குடுத்துப்போடுவன், ரீச்சர்."

முதுகு

அந்தக் கிழமையே குருநகரிலிருந்து ஒரு தகப்பன், சோதினைக்கு வராததைப் படிப்பிக்கிறேன் என்று முறையிட வந்தார். கடற்றொழில், முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தவர். விடுவேனா? உடம்புத் தண்ணீரிலுள்ள ஒட்சிசன் கருவில் எல்லாம் சோடி சோடியாக இருப்பதால் அது அந்த மெசினுக்கு மறுமொழி சொல்லாது, ஐதரசனின் ஒற்றைப் புரோத்தன்தான் சொல்லும், அதை வைத்தே உங்கள் முதுகைப் படமாக்கினார்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "ஓம் ரீச்சர், நல்லா விளங்கினது. எண்டாலும் என்ரை பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுக்காதேங்கோ."

ஃபேன்

ஞாயிறு வகுப்பு முடிந்ததும், "இனி என்ரை நேரம், போறவை போகலாம்" என்றேன். இரண்டு பக்க வாங்கும் நிரம்பிய ஈயக் கரு ஏன் சிதையாமல் நிற்கிறது என்று தொடங்கினேன். அண்ணை வந்து ஃபேனை நிப்பாட்டினார். ஒருவரும் எழும்பவில்லை. வேர்வை ஒழுக ஒழுகச் சொல்லி முடித்தேன். சத்தியமாய்ச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் அப்படியொரு சந்தோசம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. வெளியே வரும்போது அண்ணை வாசலில் நின்றார். "வாற ஞாயிறு வரவேண்டாம், ரீச்சர்."

ஞாயிறு போனால் போகட்டும், வட்டுக்கோட்டையில் எனக்குத் திங்கள் வகுப்பு ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஓட்டு மாதிரியுருவில்தான் தொடங்கியிருக்கிறேன்.