ஹாரன் அடிப்பதற்குள் ஆசீர்வாதம்

மணவாள நகரில் எங்கள் வீட்டுக் காலை ஜெபம் முதலில் என் மனைவியும் அவளுடைய அக்காவும் நானும் மட்டும் செய்வதாக இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். அதற்காகக் காத்திருந்த பெண்களில் சிலர் ஜெபத்துக்கு வரத் தொடங்கினார்கள். முன்னறை நிறைந்தது.

ஜெபத்தை நடத்துபவர் மனைவியின் அக்கா. நான் அண்ணி என்றே கூப்பிடுவேன். ஓய்வுபெற்ற நர்ஸ். வார்டில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்த பழக்கமோ என்னவோ, விண்ணப்ப ஜெபத்திலும் ஒருவரையும் விடமாட்டார். ஆரணியில் சர்க்கரை நோயோடு இருக்கும் சித்தப்பா, அவருடைய மருமகளின் பிரசவம், அந்த மருமகளின் தம்பிக்கு வேலை. இதெல்லாம் முடிந்துதான் பரமண்டல ஜெபமும் ஆசீர்வாதமும். பெரும்பாலும் அதற்குள் ஹாரன் அடித்துவிடும். பெண்கள் செருப்பைத் தேடி ஓடுவார்கள்.

அவர்களில் ஒருத்தி கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் ஆசீர்வாதத்துக்காக நின்றாள். பஸ் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

“எங்க ஊட்டுக்காரு, இனிமே ஜெபம் கிபம்னு போனா பாருன்றாரு, ஆண்டி. இங்க வரலன்னா எனக்கு நாளே ஓடாது. நான் இன்னா பண்றது?”

“ஹாரன் அடிச்சா நீ பாட்டுக்குப் போய்க்கினே இரு” என்றார் அண்ணி.

“ஆசீர்வாதம் வாங்காம எப்டி ஆண்டி மெஷினாண்ட போயி நிக்கிறது?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையில் செய்தி திருத்தியவன். பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியை அடியிலிருந்து வெட்டுவோம். அதனால் முக்கியமானது மேலே இருக்க வேண்டும். இங்கே வெட்டுவது ஹாரன். வெட்டுப்படுவது ஆசீர்வாதம். அதை மேலே ஏற்றி, விண்ணப்பத்தைக் கடைசியில் வைக்கலாம் என்றேன்.

“இன்னா தம்பி, பந்தியில மொதல்லயே பீடா வெக்கச் சொல்றீங்க?”

“பஸ் புடிக்கிறவளுக்குப் பீடாவாவது கெடைக்கட்டுமேக்கா” என்றாள் என் மனைவி.

அண்ணி சிரிக்கவில்லை. “அப்போ என் ஜெபத்த வெட்டிடலாம், அதானே?”

மனைவிதான் சொன்னாள். “அவங்க போனா நாம எங்க போவப் போறோம்? முட்டி போட்டவங்க அப்டியே இருந்து மீதியச் சொல்லுவோம்.”

ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம், ஆசீர்வாதம், பிறகு விண்ணப்பம். இதுதான் புது ஒழுங்கு. முதல் நாள், ஆசீர்வாதம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் எழுந்து, கைகூப்பி, ஸ்தோத்திரம் சொல்லி வாசலுக்குப் போய்விட்டார்கள். பஸ் இன்னும் வரவே இல்லை. “ஏம்மா, கர்த்தர் இன்னும் உள்ளதான் இருக்காரு, வாங்க” என்று அண்ணி திரும்பக் கூப்பிட்டார். ஒரு வாரம் இந்தக் குழப்பம் நீடித்தது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு பஸ்ஸைத் தவறவிடவில்லை. அவள் கணவர் இப்போது சில நாள் பைக்கில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிடுகிறார். உள்ளே வருவதில்லை. வண்டியை அணைக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

போன வாரம் அண்ணி ஆரணிச் சித்தப்பாவின் சர்க்கரைக்கு வந்தபோது ஹாரன் அடித்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“ஆண்டவரே, ஒரு நிமிசம். ஏய், டிபன் பாக்ஸ வெச்சிட்டுப் போவாத. ஓடு!”

பெண்கள் போனார்கள். நாங்கள் மூவரும் முழங்காலிலேயே இருந்தோம். அண்ணி ஜெபத்தில் சித்தப்பாவை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் போனார். அவள் ஏறிய பஸ், டிரைவரின் கண்கள், அவள் கை வைக்கும் மெஷின், கணவரின் கோபம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பஸ்ஸின் சத்தம் தெரு திரும்பித் தேய்ந்தது.

“அந்த சூப்பர்வைசருக்கும் நல்ல சொகத்தக் குடுங்க ஆண்டவரே” என்றார். பிறகுதான் ஆரணிக்குத் திரும்பினார்.